முன்னாலேயே ஓட்டுப் போட எட்டுக் காரணங்கள்

போன கவுன்சில் தேர்தலன்று நெவில் க்ரோகன் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை வாக்குச்சாவடி வாசலில்தான் நின்றார். பத்து மணி நேரம். ஓட்டு மட்டும் போடவில்லை.

தில்லபாங் ஊரில் தேர்தல் என்றால் வாக்குச்சாவடியாகிற பள்ளிக்கூட வாசலில் சாசேஜ், அதாவது கறி அடைத்த குழல், சுட வேண்டும். ஓட்டுப் போடாதவனுக்கு அபராதம் என்று சட்டம் இருப்பதால் ஜனங்கள் வருகிறார்கள். வந்த எரிச்சல் தீர, ரொட்டித் துண்டில் ஒரு சாசேஜும் வதக்கின வெங்காயமும் வைத்துச் சாஸ் ஊற்றித் தின்றுவிட்டுப் போகிறார்கள். அந்த அடுப்பு காட்டுத்தீ அணைக்கும் தொண்டர் படையினுடையது. படை என்றால் ஊர்க்காரர்கள் ஆறு பேரும் ஒரு தண்ணீர் லாரியும். எரிகிற அடுப்பை விட்டுச் சான்றிதழ் பெற்றவர் ஓரடி நகரக்கூடாது என்பது கவுன்சிலின் சுகாதார விதி. படையில் அந்தச் சான்றிதழ் நெவ் ஒருவரிடம்தான் இருந்தது. அதை வாங்க நகரத்துக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து, சாசேஜை எப்படித் திருப்புவது என்று சாசேஜே திருப்பாத ஒரு பையனிடம் பாடம் கேட்டு வந்திருந்தார்.

மாலை ஆறுக்கு அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு பத்தடி நடந்தார். கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளேயிருந்த அதிகாரி கண்ணாடி வழியாகத் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மத்தியானம் நெவ் கையால் வாங்கின இரண்டு சாசேஜ் அந்த ஆளின் வயிற்றில் இன்னும் செரித்திருக்காது.

ஒரு மாதத்தில் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏன் ஓட்டுப் போடவில்லை? நெவ் பதில் எழுதினார்: “வாக்குச்சாவடியில் இருந்தேன்.” மறுகடிதம் வந்தது: “வாக்குச்சாவடியில் இருந்தது, வாக்களிக்காததற்குத் தகுந்த காரணம் ஆகாது.” அபராதத்தைக் கட்டினார். அது போகட்டும். ஸ்டோனி ஓடைப் பாலத்தைச் சரிசெய்வேன் என்று மேயர் பதவிக்கு நின்ற ஜோன் பெட்டிக்ரூ, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அந்தத் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றாள்.

ஊர் அவருக்கு ‘ஒரு ஓட்டு நெவ்’ என்று பேர் வைத்தது. தான் போட்டிருந்தாலும் சமமாகத்தான் வந்திருக்கும், தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்திருப்பார்கள், தொப்பியிலும் தோற்றிருக்கலாம் என்று நெவ் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கே அது சமாதானமாக இல்லை. அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். முற்றத்தில் நின்றால் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரியும். பாலம் திறந்திருந்தபோது ஊருக்கு மூன்று கிலோமீட்டர். ஏழு வருஷத்துக்கு முன்னால் கவுன்சில் லாரி வந்து பாலத்தின் இரண்டு முனையிலும் கான்கிரீட் கட்டைகளை இறக்கிவிட்டுப் போனதிலிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர். கவுன்சிலில் முப்பத்தொரு வருஷம் ரோடு சமன் செய்யும் வண்டி ஓட்டினவர் அவர். அந்தப் பாலத்துக்குப் போகிற மண் ரோட்டை அவர்தான் சமன் செய்தார். இப்போது அதில் கங்காருக்கள் போய்வருகின்றன.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. சனிக்கிழமை தேர்தல். முந்தின திங்கட்கிழமையிலிருந்தே முன்கூட்டி ஓட்டுப் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை காலை நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்.

முன்கூட்டி ஓட்டுப் போடும் இடம், பழைய வங்கிக் கட்டடம். வங்கி ஊரை விட்டுப் போய்விட்டது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத கண்ணாடியை மட்டும் விட்டுப் போயிருந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களோடு அதிலிருந்த சின்ன ஓட்டை வழியாகக் கத்தித்தான் பேச வேண்டும். ரகசிய வாக்கெடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நெவ்வுக்கு முன்னால் நின்றவள் டாட் மக்கின்னன். எண்பது வயது. கடைசியாக ஊர் எல்லையைத் தாண்டிப் பதினோரு வருஷம் ஆகிறது.

“சனிக்கிழமை ஓட்டுப் போட வர முடியாததற்கான காரணம் உங்களுக்கு இருக்கா?” என்று உள்ளே இருந்த பெண் கேட்டாள்.

“ஆமா,” என்றாள் டாட்.

சீட்டு வந்தது. கயிற்றில் கட்டின பென்சிலால் எழுதினாள், பெட்டியில் போட்டாள், வெளியே போகும் வழியில் நெவ்வைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஒன்றரை நிமிஷம்.

அடுத்தது நெவ். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் கொலீன், அவருடைய கூடப்பிறந்த தங்கை. கழுத்தில் அட்டை தொங்கியது.

“உங்க முழுப் பேரு?”

“என்னது?”

“முழுப் பேரு சொல்லுங்க ஐயா.”

“ஏய், நம்ம அம்மா எனக்கு வச்ச பேரு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நான் சொன்னதா ஆயிரும்.”

“நெவில் ஆர்தர் க்ரோகன்.”

“முகவரி?”

“ஞாயித்துக்கிழமை எங்க வந்து ஆட்டுக்கறி தின்னுட்டுப் போனியோ அந்த இடம்.”

கொலீன் எழுதிக்கொள்ளாமல் காத்திருந்தாள். முகவரியைச் சொன்னார்.

“இந்தத் தேர்தல்ல ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டீங்களா?”

“கதவத் தொறந்தே பத்து நிமிஷம்தான் ஆச்சு. வெளிய நின்னத நீ பாத்துக்கிட்டே இருந்தே.”

“ஆமாவா, இல்லையா?”

“இல்ல!”

“சனிக்கிழமை ஓட்டுப் போட வர முடியாததற்கான காரணம் உங்களுக்கு இருக்கா?”

“வர முடியாம என்ன? சனிக்கிழமை நான் வாக்குச்சாவடியிலதான் இருப்பேன்.”

கொலீனின் பேனா நின்றது. முகத்தை ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். “நெவ்,” என்று முதல் தடவையாகத் தங்கையின் குரலில் மெதுவாகச் சொன்னாள், “ஆமான்னு சொல்லு.”

“எதுக்குச் சொல்லணும்? எட்டுலேருந்து ஆறு வரைக்கும் வாசல்ல சாசேஜ் சுடுறேன். அடுப்ப விட்டு நகரக்கூடாது. அதனால இன்னிக்குப் போட வந்தேன். உள்ளத உள்ளபடி சொல்றேன்.”

“ஐயோ, இல்லைன்னு பதிஞ்சுட்டேனே,” என்று கொலீன் படிவத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பொறுப்பு அதிகாரியைக் கூப்பிட்டாள்.

பொறுப்பு அதிகாரி டெஸ்மண்ட் பில்பீம் தலைநகரத்திலிருந்து அனுப்பப்பட்டவர். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் நான்கு பேனா. அவர் கெட்டவர் இல்லை. கையேட்டில் இல்லாத எதையும் அவர் வாழ்க்கையில் செய்ததில்லை, அவ்வளவுதான்.

“க்ரோகன் ஐயா, ஆமான்னு சொல்றவங்கள நாங்க எதுவும் கேக்கறதில்ல. கேக்க எங்களுக்கு அதிகாரமும் இல்ல. அது வாக்காளரோட அந்தரங்கம். ஆனா நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க. அதனால விசாரிக்க வேண்டிய கட்டாயம் வந்துருச்சு.”

“பொய் சொன்னா விசாரணை இல்ல. நெஜத்தச் சொன்னா விசாரணை.”

“அப்படிச் சொல்ல முடியாது. பொய்னு தெரிஞ்சாத்தானே பொய்? விசாரிக்கலைன்னா எப்படித் தெரியும்?” பில்பீம் இதைப் பெருமையாகச் சொன்னார். பிறகு தட்டச்சு செய்த தாள் ஒன்றை எடுத்தார். “மொத்தம் எட்டுக் காரணம். ஒண்ணாவது பொருந்தினாப் போதும். சனிக்கிழமை வேலையில இருக்கீங்களா?”

“இருக்கேன். சாசேஜ் சுடுறேன்.”

“சம்பளம் யார் தர்றாங்க?”

“யாரும் தரல.”

“அப்போ வேலை இல்ல. உடம்பு சரியில்லையா?”

“முழங்கால் வலிக்குது.”

“சனிக்கிழமையும் வலிக்கும்னு டாக்டர் எழுதித் தருவாரா?”

“டாக்டரே ஊர்ல இல்ல. போன வருஷம் போயிட்டாரு.”

“பிரசவ காலம் நெருங்கிருச்சா?”

நெவ் அவரைப் பார்த்தார். பில்பீம் நெவ்வின் வயிற்றைப் பார்த்தார், பார்த்துவிட்டு நேர்மையாக ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

“மத நம்பிக்கை தடுக்குதா? சாசேஜ் சுடறது வழிபாடா?”

“இந்த ஊர்ல அதான் வழிபாடே!” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. பில்பீம் கையேட்டில் ‘வழிபாடு’ என்ற பகுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு தலையாட்டினார்.

“ஜெயில்ல இருக்கீங்களா?”

“இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா போயிருவேன்.”

வெளியே போகாமல் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டாட் பொறுக்காமல் உள்ளே வந்தாள். “யோவ் நெவ், பேத்தியப் பாக்கக் கடற்கரைக்குப் போறேன்னு சொல்லித் தொலையேன்! என்னைப் பாரு. சனிக்கிழமை வீட்ல உக்காந்து ஃபுட்பால் பாக்கப் போறேன். எவன் கேட்டான்?”

“பொய் சொல்லித்தான் உள்ள போகணும்னா நான் ஓட்டுப் போட வரமாட்டேன் டாட், தேர்தல்ல நிப்பேன்.”

பில்பீமின் காதில் டாட் சொன்னது விழுந்தது. ஆனால் அவள் ஆமா என்று சொல்லியாகிவிட்டது. அது அந்தரங்கம். ஆறாவதான வெளியூர்ப் பயணத்துக்கு ‘இல்லை’ என்று தானே குறித்துவிட்டு, அவர் ஏழாவது காரணத்துக்குப் போனார். “வாக்குச்சாவடியிலேருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு மேல குடியிருக்கீங்களா?”

நெவ் நிமிர்ந்தார். “இருக்கேன்! நாப்பத்தொண்ணு!”

பில்பீமின் முகம் மலர்ந்தது. கணினியில் தட்டினார். மலர்ந்தது வாடியது. “மூணு புள்ளி ஒண்ணுன்னு காட்டுதே.”

“அது பாலம் வழியா. பாலம் மூடி ஏழு வருஷமாச்சு.”

“வரைபடத்துல திறந்திருக்கு.”

“வரைபடத்துலதான்யா திறந்திருக்கு! வழியில கான்கிரீட் கட்டை கெடக்கு.”

“வரைபடம் கவுன்சில் குடுத்தது. மூடியிருக்குன்னு கவுன்சில் எழுத்துல குடுத்தா, இந்த நிமிஷமே சீட்டுத் தர்றேன்.” எட்டாவது காரணத்தை அவர் படிக்கவில்லை. ஏழாவது பாதியில் நிற்கும்போது எட்டுக்குப் போகக்கூடாது என்று கையேடு சொல்கிறது.

கவுன்சிலுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாமல் கவுன்சிலே வாசலில் நின்றது. பிரச்சாரம் செய்கிறவர்கள் வாசலிலிருந்து ஆறு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் மேல் ஷூ நுனி படும்படி மேயர் மால்கம் ஃபென்விக் நின்று, தனக்கு எப்படி ஓட்டுப் போடுவது என்று படம் போட்ட அட்டையை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். கோட்டின் இன்னொரு முனையில் ஜோன் பெட்டிக்ரூ. பஸ் ஓட்டும் சீருடையோடு வந்திருந்தாள்.

“மேயரே, ஒரு வரி எழுதிக் குடுங்க,” என்றார் நெவ். “ஸ்டோனி ஓடைப் பாலம் மூடியிருக்குன்னு.”

மேயர் சிரித்தார். வீடு விற்கும் தரகர் தொழிலில் பழகின சிரிப்பு. “நெவ், நண்பா, அந்தப் பாலம் மூடலையே. ஓய்வுல இருக்கு.”

“ஏழு வருஷமாவா?”

“பெரிய பாலம்ல. நீ கவுன்சில்ல வேலை பாத்தவன், உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? திறந்திருக்கிற பாலத்துக்கு மாநில அரசு வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் தருது. மூடின பாலத்துக்குத் தராது. மூடியிருக்குன்னு நான் எழுதினா அந்தப் பணம் நின்னுபோயிரும். அப்புறம் பாலத்த யாரு காப்பாத்துறது? உனக்காகத்தான்யா அதத் திறந்து வச்சிருக்கேன்!”

“அந்தப் பணத்துல பாலத்துக்கு என்ன செஞ்சீங்க?”

“ஆய்வு செஞ்சோம். பாலம் பழுதுன்னு வந்துச்சு. அது சரியான்னு பாக்க ரெண்டாவது ஆய்வு செஞ்சோம்.”

“அதுல என்ன வந்துச்சு?”

“மூணாவது ஆய்வு தேவைன்னு வந்துச்சு.”

ஜோன் கோட்டின் அந்த முனையிலிருந்து கத்தினாள்: “மூடியிருக்குன்னு ஒரு போர்டு கூட வைக்கல பாத்தியா நெவ்? போர்டு வச்சா ஒத்துக்கிட்டதா ஆயிருமாம்!”

நெவ் உள்ளே போய், மேயர் எழுதித் தரமாட்டேன் என்கிறார் என்று சொன்னார். பில்பீம் வெகுநேரம் யோசித்தார். பிறகு கையேட்டின் நூற்றுப்பதினான்காம் பக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தேகம் இருந்தால் பொறுப்பு அதிகாரி நேரில் போய் அளந்து பார்க்கலாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு பில்பீம் நெவ்வின் வண்டியில் ஏறினார். பளிச்சென்று ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். கையில் தூரம் அளக்கிற சக்கரம், கம்பு முனையில். ஊர்ப்பக்கத்திலிருந்து பாலம் ஐந்து நிமிஷம்தான்.

பாலத்தடியில் இறங்கினதும் பில்பீம் கான்கிரீட் கட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “மூடியிருக்குன்னு போர்டு எதுவும் இல்லையே.”

“கட்டை இருக்குல்ல?”

“கட்டை எதுவும் சொல்லலையே. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஆள் போற இடம் இருக்கு.”

“பலகையெல்லாம் மக்கிப்போச்சு. போகாதீங்க.”

“போகாம எப்படி அளக்கறது?”

பில்பீம் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தார். சக்கரம் மீட்டருக்கு ஒரு தடவை டிக் என்றது. டிக். டிக். டிக். நான்காவது டிக் வரவில்லை. படார் என்று ஒரு சத்தம் வந்தது. பில்பீம் தொடை வரைக்கும் பாலத்துக்குள் இறங்கியிருந்தார். சக்கரம் கீழே ஓடையில் விழுந்து, தன்பாட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

நெவ் வயிறு பலகையில் உரச ஊர்ந்து போய் அவருடைய அக்குளில் கையைக் கொடுத்தார்.

“எத்தனை மீட்டர் ஆச்சு?” என்றார் பில்பீம், பல்லைக் கடித்துக்கொண்டு.

“மூணரை.”

“குறிச்சுக்கோங்க.”

நெவ் அவரை இழுத்து வண்டியில் போட்டு, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் தன் முழங்கால் வலியில் நெவ்வும் முனகினார். பில்பீமின் கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

புதன்கிழமை பில்பீம் மாவுக்கட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெவ் மறுபடி நாற்பத்தொன்றைச் சுற்றி வந்திருந்தார்.

“இப்பவாவது எழுதுவீங்களா, மூடியிருக்குன்னு?”

“எழுத முடியல ஐயா. நான் பாத்ததத்தான் எழுதலாம். ‘ஆய்வை முடிக்க இயலவில்லை’ன்னு எழுதியிருக்கேன்.” அவருக்கே அது கசந்தது போல இருந்தது. “ஒண்ணு செய்யலாம். ஓட்டுப் போடுங்க. ஆனா பெட்டியில போட முடியாது. உங்க பேர் எழுதின உறையில வச்சு ஒட்டி வைப்போம். செல்லுமா செல்லாதான்னு பின்னால முடிவு பண்ணுவோம்.”

நெவ் அட்டை மறைப்புக்குள் போய், பென்சில் எழுத்தை நம்பாமல் தன் சொந்தப் பேனாவால் எழுதினார். விருப்ப வரிசைப்படி ஜோனுக்கு 1. ஃபென்விக்குக்கு 2. எழுதினதை மூன்று தடவை சரிபார்த்தார். உறையை நாக்கால் ஒட்டினது கொலீன். “நான் ஒட்டுறேன்” என்று நெவ் சொன்னதற்கு, “வாக்காளரின் எச்சில் படக்கூடாது” என்று பதில் வந்தது.

சனிக்கிழமை எட்டிலிருந்து ஆறு வரை அவர் சாசேஜ் சுட்டார். “என்ன ஒரு ஓட்டு, இன்னிக்காவது உள்ள போவியா?” என்று எழுபது பேராவது கேட்டார்கள். “போட்டாச்சு” என்று எழுபது தடவை சொன்னார். ஒருத்தனும் நம்பவில்லை. மேயர் வந்து இரண்டு சாசேஜ் வாங்கித் தின்றார். அவருக்கு வெங்காயம் போடவில்லை.

முடிவு மறுநாள் வந்தது. ஜோன் பெட்டிக்ரூ 611. மால்கம் ஃபென்விக் 611. உறை ஒன்று.

செவ்வாய்க்கிழமை தேர்தல் அலுவலகத்திலிருந்து நெவ்வுக்குக் கடிதம் வந்தது. “வாக்குச்சாவடியிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் வசிப்பதாகக் கூறி நீங்கள் முன்கூட்டி வாக்களித்தீர்கள். ஆனால் தேர்தலன்று பத்து மணி நேரம் வாக்குச்சாவடி வாசலில் காணப்பட்டீர்கள். நேரில் வந்து விளக்கவும்.” போன தடவை அங்கே இருந்தும் ஓட்டுப் போடாததற்கு ஒரு கடிதம். இந்தத் தடவை ஓட்டுப் போட்டும் அங்கே இருந்ததற்கு ஒரு கடிதம். நெவ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கையெழுத்து ஒரே ஆளுடையதுதான்.

வியாழக்கிழமை பழைய வங்கிக்குள் பாதி ஊர் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் பில்பீம், காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி. பக்கத்தில் உறையோடு கொலீன்.

மேயர் தொண்டையைச் செருமினார். “எனக்கு நெவ் மேல கோபம் ஒண்ணும் இல்ல. நல்ல மனுஷன். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. கவுன்சில் பதிவேட்டுல பாலம் திறந்திருக்கு. அவர் வீடு மூணு கிலோமீட்டர். காரணம் செல்லாது, உறை செல்லாது. அப்புறம் சமம்தானே? தொப்பியக் கொண்டுவாங்க, சீட்டு எடுப்போம்.” தொப்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“சரி,” என்றார் நெவ். “பாலம் திறந்திருக்குன்னா இப்பவே அது மேல நடந்து என் வீட்டுக்கு வாங்க. டீ போட்டுத் தர்றேன். வந்துட்டீங்கன்னா என் உறைய நானே கிழிச்சுப் போட்டுடறேன்.”

கூட்டம் சிரித்தது. மேயர் சிரிக்கவில்லை. அவர் கண் பில்பீமின் மாவுக்கட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

“டீ குடிக்கிற விஷயத்தக் கையேடு ஏத்துக்காது,” என்றார் பில்பீம் அமைதியாக. “எனக்கு எழுத்துலதான் வேணும். ஃபென்விக் ஐயா, பாலம் திறந்திருக்குன்னு கையெழுத்துப் போடுங்க, நான் ஏத்துக்கறேன். திறந்திருக்கிற பாலத்துல நடந்து அரசு அலுவலர் ஒருத்தர் காலை உடைச்சுக்கிட்டார்னா அதுக்கு நஷ்டஈடு கவுன்சில் தரணும். அந்தத் தாளையும் கொண்டுவந்திருக்கேன். மூடியிருக்குன்னு போட்டீங்கன்னா, மூடின பாலத்துல போனது என் முட்டாள்தனம். என் செலவு.”

நான்கு பேனாவில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

மேயர் வெளியே போய்க் கவுன்சில் வக்கீலுக்குப் போன் செய்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் உதடு அசைவது தெரிந்தது. பிறகு அசையவில்லை. உள்ளே வந்து, ஏழு வருஷத்துக்கு முந்தின தேதியிலிருந்து பாலம் மூடப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“உறை செல்லும்,” என்றார் பில்பீம். “இப்ப திறக்கப்போறோம். இது ரகசிய வாக்கெடுப்பு. க்ரோகன் ஐயா யாருக்குப் போட்டார்னு யாருக்கும் தெரியக்கூடாது. எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

பாதி ஊர் சுவர்ப் பக்கம் திரும்பியது. நெவ்வையும் திரும்பச் சொன்னார்கள். உறை கிழிகிற சத்தம் கேட்டது. கொலீன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“திரும்பலாம். முடிவு: ஜோன் பெட்டிக்ரூ 612. மால்கம் ஃபென்விக் 611. கடைசி ஓட்டு யாருடையதுங்கறது வெளியிடப்படாது.”

ஜோன் நெவ்வைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். டாட் அவர் முதுகில் அறைந்தாள். நான்கு வருஷமாகக் கேலியாகச் சொன்ன பேரை அன்று எல்லோரும் பாராட்டாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் நாற்பத்தொரு கிலோமீட்டர் அவருக்கு நீளமாகத் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து ஓடைப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. நெவ் இறங்கிப் போனார். அந்தக் கரையில் ஜோன் நின்றிருந்தாள். பக்கத்தில் கவுன்சில் ஆட்கள் இரண்டு பேர், குழி தோண்டிக்கொண்டு.

“நெவ்! கேக்குதா?” என்று கையைக் குவித்துக் கத்தினாள்.

“கேக்குது! எப்ப வேலைய ஆரம்பிக்கறே?”

“ஆரம்பிச்சாச்சு! ஆனா... மாநில அரசுலேருந்து கடுதாசி வந்திருக்கு! மூடின பாலத்துக்கு ஏழு வருஷம் பராமரிப்புப் பணம் எப்படி வாங்கினீங்க, திருப்பிக் குடுங்கன்னு! ஃபென்விக் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கே!”

“அப்ப பாலம்?”

“கவுன்சில்ல சல்லிக்காசு இல்ல நெவ்! அடுத்த அஞ்சு வருஷத்துக்கு இருக்காது!”

நெவ் குனிந்து ஓடையைப் பார்த்தார். ஓடையில் பில்பீமின் அளவுச் சக்கரம் இன்னும் கிடந்தது.

“அப்ப அவனுங்க அங்க என்னத்தத் தோண்டுறானுங்க?”

“போர்டு! அதுக்கு மட்டும் தனியாப் பணம் ஒதுக்கியிருக்காங்க!”

ஆட்கள் பலகையைத் தூக்கி நிறுத்தினார்கள். புதுசு, மஞ்சள். ‘பாலம் மூடப்பட்டுள்ளது.’ ஏழு வருஷத்தில் அந்தப் பாலத்துக்குக் கவுன்சில் செய்த முதல் வேலை.

“உன் பக்கமும் ஒண்ணு நடணுமாம்!” என்று ஜோன் கத்தினாள். “சுத்தித்தான் வரணும்! டீ போட்டு வை!”

மார்ச் மாதம் மாநிலச் சட்டசபைக்கு இடைத்தேர்தல் வந்தது. மறுபடி முன்கூட்டி ஓட்டு, மறுபடி பழைய வங்கி. நெவ் இந்தத் தடவை தயாராக வந்தார். தூரத்தைச் சொன்னால் மறுபடி கடிதம் வரும். பேத்தியைப் பார்க்கக் கடற்கரைக்குப் போவதாகச் சொல்வது என்று முடிவுசெய்து, நாற்பத்தொரு கிலோமீட்டரும் வண்டிக்குள் சத்தமாக ஒத்திகை பார்த்தார். பேத்தியின் பேர், ஊர், போகிற பஸ்ஸின் நேரம்கூடச் சேர்த்துக்கொண்டார். எழுபத்தைந்து வயதில் அரசாங்கத்திடம் சொல்லப்போகிற முதல் பொய். ஒழுங்காகச் சொல்ல வேண்டுமே என்று ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“உங்க முழுப் பேரு?” என்றாள் கொலீன்.

சொன்னார். முகவரி சொன்னார். ஏற்கெனவே ஓட்டுப் போடவில்லை என்றார்.

“தேர்தலன்னிக்கு ஓட்டுப் போட வர முடியாததற்கான காரணம் உங்களுக்கு இருக்கா?”

நெவ் மூச்சை இழுத்துக்கொண்டார். “ஆமா.”

கொலீன் சீட்டை ஓட்டை வழியாகத் தள்ளினாள். “அடுத்தவங்க வாங்க.”

நெவ் நகரவில்லை. “ஏன்னு கேக்க மாட்டியா?”

“ஆமான்னு சொன்னவங்களக் கேக்கக்கூடாது ஐயா. தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்கறாங்க.”